தினமும் போட்ட சாம்பிராணி

இலங்கையில், பதுளைக் கடைத்தெருவில் எங்களுக்குச் சொந்தமாக நாலு அறைகள் இருந்தன; வாடகைக்கு விட்டிருந்தோம். ஒன்றில் முஸ்லிம் தையற்காரர் ஒருவர் குடியிருந்தார்; அண்ணன் முறை வைத்து ‘நானா’ என்று கூப்பிடுவோம். மெலிந்த உடம்பு, மருதோன்றி இட்ட தாடி. பேசுவதற்கு முன் வாயில் கவ்விய ஊசியை எடுத்துத் தொப்பியில் குத்திக்கொள்வார்.

பக்கத்து அறையில் என் மூத்த மகன். முப்பது வயதில், அரசாங்கம் தடைசெய்த கஞ்சாவைக் குடித்துக்கொண்டு கிடந்தான். வாடையை மறைக்க நான் தினமும் அவன் வாசலில் சாம்பிராணி போட்டேன்.

ஒரு நாள் தையற்காரர் ஊசியைத் தொப்பியில் குத்தினார்.

“அக்கா, வெள்ளிக்கெழம போடுற சாம்பிராணிய நாள்தோறும் போட்டா யாருக்குத்தான் சந்தேகம் வராது? கோட்டு அளவு குடுக்க வந்த பொலிஸ் தொர மோந்து பாத்துட்டுக் கேட்டாரு. பூசைன்னு செல்லிட்டேன். திங்கக்கெழம கோட்டப் போட்டுப் பாக்க வாறாரு. இன்னொரு பொய் செல்ல என்னால ஏலா. மகன ஒங்க வீட்டுக்குக் கூட்டிப் போங்க.”

“குடியிருக்க வந்தவங்க எனக்குப் புத்தி சொல்ல வேணாம் நானா. பிடிக்கலன்னா காலி பண்ணுங்க” என்றேன்.

அவர் தொப்பியிலிருந்த ஊசியை எடுத்து நூல் கோத்தார்.

மகனை வீட்டுக்குக் கூப்பிட்டேன். “போங்கம்மா அங்கிட்டு” என்று கதவைச் சாத்திக்கொண்டான். தெருவே பார்க்குமே என்று நானும் தட்டாமல் திரும்பினேன்.

திங்கட்கிழமை நல்ல மழை. தையற்காரர் கோட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு, துரை இறங்கி வராதபடி, தாமே மேட்டில் இருந்த துரை பங்களாவுக்கு ஏறிப் போனார். அதன் பிறகும் துரையின் துணி எல்லாவற்றுக்கும் அவரே போனார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவரைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வந்தது. பெற்றவள் செய்யாததை ஒரு குடித்தனக்காரர் ஏன் செய்தார் என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.