எந்தக் கேஸ், அண்ணே?

துபாயில் ஒரு வீட்டுக்குள் குளிருக்கு நெருப்பு மூட்டுகிறார்கள் என்று சொன்னால் ஊரில் இருக்கிற நீங்கள் சிரிப்பீர்கள். நானும் சிரித்தவன்தான். மராமத்து வேலைக்குப் போகிற வில்லா ஒன்றில், ஹால் சுவரில் கேஸில் எரிகிற கணப்பு இருக்கிறது. தலைக்கு மேலே ஏசியும் ஓடும். கீழே சுட வைக்க ஒன்று, மேலே ஆற்ற ஒன்று. அந்த வீட்டு மேடம் லெபனான்காரர், எழுபது வயதிருக்கும். பனி விழுகிற மலையூரில் பிறந்தவர். ஊர் ஞாபகத்துக்காக அவர் கணவர் கட்டிய கணப்பாம் அது. கணவர் இப்போது பக்கத்து மேசையில் போட்டோவாக இருக்கிறார்.

இந்த ஜனவரியில் போனபோது மேடம் வாசலிலேயே நின்று, “காலி! காலி!” என்று கத்தினார். நான் விழுந்தடித்துக்கொண்டு பின்பக்கம் ஓடி சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தேன். கனமாக இருந்தது. “மேடம், ஃபுல்!” என்றேன். அவர் கேஸ் பில்லை என் மூக்குக்கு நேரே ஆட்டினார். அரபியில் காலி என்றால் விலை அதிகம் என்று அர்த்தம். பதினோரு வருடமாக இந்தப் பக்கத்துத் தண்ணீர் குடிக்கிறேன், தெரியாமல் இல்லை. அவசரத்தில் என் காது மட்டும் தமிழ்க் காதாகவே இருக்கிறது.

கணப்புக்கு ஏன் இவ்வளவு செலவாகிறது என்று கேட்டார். பர்னர் பெரிது, தீயைக் குறைத்து வைத்தால் பில்லும் குறையும் என்றேன். அல் குசைஸில் எங்கள் ரூமில் எட்டுப் பேர் சமைத்துச் சாப்பிடுகிற சிலிண்டர், இந்தக் கணப்பின் வாய்க்குச் சில சாயங்காலம்கூடத் தாங்காது. அதை அவரிடம் சொல்லவில்லை. ஏசியையாவது நிறுத்தலாமே என்றதற்கு, நிறுத்தினால் மூச்சு முட்டுகிறது, நெருப்பின் முன்னால் உட்கார்ந்தாலே கொஞ்ச நாளாகத் தலைவலி என்றார். பில்லைப் பார்த்து வந்த தலைவலி என்று அவரே சிரித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே போய், கணப்பின் புகைபோக்கி முடிகிற இடத்தை ஏணி போட்டுப் பார்த்தேன். பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, டேப் போட்டு இறுக்க அடைத்திருந்தது. புறா கூடு கட்டுகிறது என்று மேடம்தான் தோட்டக்காரரை விட்டு அடைக்கச் சொன்னாராம். எரிந்த கேஸின் விஷக்காற்று வெளியே போக வழியில்லாமல் வீட்டுக்குள்ளேயே திரும்பிக்கொண்டிருந்தது.

துபாய்க்கு வருமுன் ரியாத்துக்கு வெளியே, பாலைவனத்தில் ஒரு சைட்டில் வேலை பார்த்தேன். கேபினில் நானும் முருகேசனும். ஜெயங்கொண்டம் பஸ்ஸில் என் ஊருக்கு மூன்று ஸ்டாப் முன்னால் அவன் ஊர். வளைகுடா என்றால் வெயில் என்றுதான் நினைப்போம். மார்கழியில் அங்கே அடிக்கிற குளிர் எலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். ரியாத்தின் பத்தா கடைத்தெருவில் பேரம் பேசி வாங்கின ஒற்றை பர்னர் அடுப்பு எங்களிடம் இருந்தது. ஒரு நாள் காய்ச்சலில் கிடந்த முருகேசன், “டேய் கணேசா, குளிருதுடா. அடுப்பை அப்படியே எரிய விட்டுட்டுப் போ” என்றான். “புகை வந்தாத்தான்டா பயம். நீலமா எரிஞ்சா ஒண்ணும் பண்ணாது” என்று சொன்னது நான். நம் ஊர் அடுப்படியில் கற்ற பாடம் அது. அங்கே ஓட்டு இடுக்கெல்லாம் காற்று வரும் என்பது என் புத்தியில் ஏறவில்லை. ஏசிப் பெட்டியைச் சுற்றி இருந்த சந்தில் காற்று வருகிறது என்று என் கைலியைக் கிழித்து அடைத்தேன். கதவை இழுத்துச் சாத்திவிட்டு நைட் டியூட்டிக்குப் போனேன். காலையில் திரும்பி வந்தபோது அடுப்பு நீலமாகவே எரிந்துகொண்டிருந்தது. முருகேசன் எழுந்திருக்கவில்லை.

அவன் மனைவி செல்விக்கு நான்தான் போன் போட்டேன். “செல்வி… நம்ம முருகேசன்… கேஸ்ல…” என்பதற்கு மேல் வரவில்லை.

“கேஸா? எந்தக் கேஸுண்ணே? யாரையாச்சும் அடிச்சுப்புட்டாரா? கோவம் வந்தா அவருக்குக் கண்ணு தெரியாதேண்ணே! உள்ள வச்சுட்டாங்களா?”

பாழாய்ப் போன வார்த்தை. சிலிண்டருக்கும் அதுதான், போலீசுக்கும் அதுதான். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள், “உள்ள சாப்பாடாச்சும் ஒழுங்கா குடுப்பாங்களாண்ணே?” என்றாள்.

“குடுப்பாங்க” என்றேன்.

ஒரே ஒரு வார்த்தை. ரெண்டு நாள் கழித்து நான் அவள் தம்பிக்குச் சொல்லி, அவன் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். அதுவரை புருஷன் வெளியே வருவான் என்று அவள் கோயில் கோயிலாக ஏறி இறங்கியிருக்கிறாள். அப்புறம் நான் அவளிடம் பேசவே இல்லை. லீவில் போனால் அந்த பஸ்ஸில் ஏற மாட்டேன், ஊரைச் சுற்றிக்கொண்டு வேறு வழியில் போவேன். சோற்றுத் தட்டு முன்னால் உட்காரும்போதெல்லாம் “சாப்பாடாச்சும் குடுப்பாங்களாண்ணே” என்று அவள் குரல் கேட்கும்.

மேடம் வீட்டில் நான் கேஸ் வால்வை மூடி, ரெகுலேட்டரையும் கழற்றிவிட்டேன். மேடம் கொதித்துப்போனார். செலவைக் குறைக்கச் சொன்னால் வேலையைக் கூட்டிக் காசு பறிக்கப் பார்க்கிறாய், உன் ஆபீசுக்குப் போன் போடுகிறேன் என்று செல்லை எடுத்தார். என் விசா அந்த ஆபீஸ் கையில். இருந்தும், “போடுங்க மேடம்” என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். பிறகு எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், “மேடம், மை ஃப்ரெண்ட். சேம் கேஸ். ஸ்லீப். நோ வேக் அப். கலாஸ்” என்றேன். அவர் செல்லைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒய்ஃப்?” என்று கேட்டார்.

“எஸ் மேடம்.”

“யூ டோல்ட் ஹெர்?”

“எஸ் மேடம்” என்றேன். ‘குடுப்பாங்க’ என்று சொன்ன அதே வாய்.

அடைப்பைப் பிய்த்துப் போட்டேன். ஆபீசிலிருந்து வேறு ஆள் வந்து எல்லாவற்றையும் பரிசோதிக்கும் வரை நெருப்புக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்து வேனில் உட்கார்ந்தேன். செல்வியின் நம்பரை நான் அழிக்கவே இல்லை. போட்டேன்.

“செல்வி, நான் கணேசன் பேசுறேன்.”

அவள் பக்கம் குக்கர் விசில் அடித்தது.

“அன்னைக்கு எந்தக் கேஸுன்னு கேட்டேன்லண்ணே. தெரிஞ்சேதான் குடுப்பாங்கன்னு சொன்னீங்களா?”

“தெரிஞ்சேதான். இன்னொண்ணும் இருக்கு செல்வி. ஏசிப் பெட்டி இடுக்கை அடைச்சது நான். என் கைலியைக் கிழிச்சு…” அதற்கு மேல் அழுதுவிட்டேன். வேன் டிரைவர் பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“ரொம்பக் குளிருச்சாண்ணே அவருக்கு?”

“ஆமா.”

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. “கூட வேலை பார்த்தவங்க போன் போட்டு, அந்த ரெண்டு நாளும் ஊருல முக்காவாசிப் பேருக்குத் தெரிஞ்சிருக்குண்ணே. எனக்கு மட்டும் தெரியல. அதைத்தான் என்னால மன்னிக்க முடியல.” பிறகு, அடங்கின குரலில் சொன்னாள்: “கேஸ்ல இருந்து வெளிய வரணும்னு மாரியம்மனுக்கு மஞ்சத்துணில ஒத்த ரூவா முடிஞ்சு வச்சேன். இன்னும் சாமி மாடத்துலதான் கெடக்கு. எதுன்னு சொல்லிச் செலுத்துறது? அவுக்கவும் கை வரல. லீவுல வந்தா நீங்களே வந்து அவுத்து விடுங்க.”

ரூமில் நான் படுக்கிற பக்கத்து ஜன்னல் எந்தக் குளிரிலும் ஒரு சாண் திறந்துதான் இருக்கும். மணல் வருகிறது என்று ஏழு பேரும் திட்டுவார்கள். ஊரில் கொசு வருகிறது என்று என் மனைவி திட்டுவாள். இரண்டு இடத்திலும் நான் மூடுவதில்லை. சித்திரையில் லீவு, டிக்கெட் போட்டாகிவிட்டது. இந்த முறை ஜெயங்கொண்டம் பஸ்ஸில் ஏறி, கண்டக்டர் எங்கே என்று கேட்டால், என் ஊருக்கு மூன்று ஸ்டாப் முன்னால் இருக்கிற ஊரின் பெயரைச் சொல்ல வேண்டும்.