ஆதார் மாமா

போன வருடம் எங்கள் குடும்பத்தில் ஒரு கல்யாணம். என் கணவரின் அண்ணன் மகளுக்கு மாப்பிள்ளை காத்மாண்டுக்காரர். இருவருக்கும் மும்பையில் ஒரே ஆபீசில் வேலை. கல்யாணம் காத்மாண்டில்தான் என்று முடிவானதுமே, செம்பூரில் இருக்கும் என் போனுக்கு ஓய்வில்லை. எங்கள் சொந்தத்தில் யார் எங்கே கிளம்பினாலும் என்னைத்தான் கேட்பார்கள். எனக்கும் அதில் தலைக்கனம் உண்டு, மறைப்பானேன்! ஸ்வெட்டர் எடுங்க, பிரஷர் மாத்திரையைக் கைப்பையிலேயே வைங்க, நம்ம சிம் அங்கே சும்மா வேலை செய்யாது என்று வாட்ஸ்அப் குரூப்பில் பேசிப் பேசி அனுப்பித் தள்ளினேன்.

பெண்ணின் தாய்மாமா தாராவியில் இருக்கிறார். குர்லாவில் சின்னதாக ஒரு லேத் பட்டறை. நான் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். விமானத்தில் ஏறப்போவது அவருக்கு அதுதான் முதல் தடவை. பாஸ்போர்ட் கிடையாது. குரூப்பில் கேட்கக் கூச்சப்பட்டு எனக்குத் தனியாக போன் செய்தார்.

"தங்கச்சி, ஆதார் கார்டு, ஓட்டர் கார்டு ரெண்டும் எடுத்து வச்சிருக்கேன். போதும்லா?"

"நேபாளத்துக்கு விசாவே கிடையாது அண்ணாச்சி. ஆதார் மட்டும் போதும். என் மாமியார் அதைக் காட்டித்தான பசுபதிநாதர் கோயிலுக்குப் போயிட்டு வந்தாங்க! ஓட்டர் கார்டை வீட்லயே வைங்க. அங்க போய்த் தொலைச்சிட்டா யாரு அலையுறது?"

"அப்ப சரிம்மா. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று வைத்துவிட்டார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை ஏர்போர்ட் போனோம். பெண் வீட்டார் முன்னாலேயே போய்விட்டார்கள். நானும் என் கணவரும் அண்ணாச்சியும்தான். மகளுக்குப் பரீட்சை என்று அவர் மனைவி வரவில்லை. அண்ணாச்சி புதுச் சட்டையில், தாய்மாமன் கோடியாக எடுத்த பட்டுச்சேலைப் பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். எங்கள் வழக்கத்தில் மாமா கொடுக்கும் சேலையைக் கட்டி, மாமா கையைப் பிடித்துத்தான் பெண் மணமேடைக்கு வர வேண்டும்.

கவுன்டரில் இருந்த பெண் அவர் கார்டைப் பார்த்துவிட்டு, "ஆதார் நஹீ சலேகா, அங்கிள்" என்றாள். ஆதார் செல்லாதாம். பாஸ்போர்ட் அல்லது ஓட்டர் கார்டு, அதுவும் அசல் வேண்டுமாம். ஆதார் செல்லுபடியாவது குழந்தைகளுக்கும் அறுபத்தைந்து வயது தாண்டியவர்களுக்கும் மட்டும்தானாம். என் மாமியாருக்கு எழுபத்திரண்டு. அண்ணாச்சிக்கு ஐம்பதுகூட ஆகவில்லை.

அண்ணாச்சி வீட்டுக்கு போன் போட்டார். அவர் மனைவி ஓட்டர் கார்டை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் கிளம்பினார். தாராவி ஒன்றும் தூரமில்லை. ஆனால் காலை நேரத்து டிராஃபிக்! சயான் தாண்டவே இல்லை என்று போன் வந்தது. பிறகு குர்லாவில் நிற்கிறேன் என்று வந்தது. அதற்குள் எங்கள் இருவருக்கு மட்டும் போர்டிங் பாஸ் கொடுத்துவிட்டு கவுன்டரை மூடிவிட்டார்கள். இடமிருந்த அடுத்த விமானம் மறுநாள்தான்; அதில் போனால் முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர முடியாது.

என் கணவருக்குக் கோபம். "எந்த மடையன் ஓய் உமக்கு ஆதார் போதும்னு சொன்னது?" என்று கத்தினார்.

நான் போர்டிங் பாஸைப் படிப்பதுபோல் நின்றுகொண்டேன். அண்ணாச்சி என் முகத்தை ஒரு முறை பார்த்தார்.

"யாரும் சொல்லல மச்சான். நான்தான் சரியா விசாரிக்கல" என்றார். பிறகு சேலைப் பையை என் கையில் கொடுத்தார். "நீயே கட்டிவிட்டுரு தங்கச்சி. பிள்ளை அழுதா சமாதானம் சொல்லு."

பிள்ளை அழத்தான் செய்தாள். சேலையை மடியில் போட்டுக்கொண்டு, "மாமா இவ்ளோ கேர்லெஸ் கிடையாதே சித்தி!" என்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விசாரிக்காம வந்துட்டாரு போல, என்ன செய்ய" என்றேன். சீ, என்ன ஜென்மம் நான்! மறுநாள் மாமா முறைக்கு ஆளில்லாமல் அவள் மணமேடைக்குத் தனியாகவே நடந்து வந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு சொந்தத்தில் அவருக்கு 'ஆதார் மாமா' என்றே பேர் வைத்துவிட்டார்கள். எந்த விசேஷத்திலும் பிள்ளைகள், "க்யா ஆதார் மாமா, இன்னைக்கு கார்டு கொண்டாந்தீங்களா?" என்று ஓட்டுவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். அப்படிச் சிரிக்கும்போது என் பக்கம் திரும்பவே மாட்டார், எனக்குச் சங்கடமாகிவிடும் என்று.

எல்லை தாண்டிக் கல்யாணத்துக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எந்தக் கார்டு செல்லும் என்பதை டிக்கெட் எடுத்த இடத்திலேயே கேளுங்கள். என்னைப் போன்ற வீட்டு மேதாவியிடம் கேட்காதீர்கள்.

எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. அதனால் இது அச்சில் வந்தாலும் அவர்களுக்குத் தெரியப்போவதில்லை. எழுத உட்கார்ந்தபோது அந்த நினைப்பில் எனக்கு ஒரு நிம்மதி வந்தது; அதைவிடக் கேவலம் வேறில்லை. வருகிற பொங்கலுக்கு எல்லோரும் கூடும்போது, அண்ணாச்சி எதிரிலேயே, இதை நானே சத்தமாக வாசிக்கப்போகிறேன். அவர் இத்தனை நாள் எனக்காகச் சுமந்த அந்தப் பட்டப்பேரை இனி நான்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.