ம் சொல்லிக்கொண்டிருந்த பகல்

டொக்டர் இருந்தார். நேர்ஸ் இருந்தார். என் மனைவி இருந்தாள். எங்கள் வீட்டில் தங்கியிருந்த எழுத்தாளர் இருந்தார். கட்டிலில் நான். போன மாரியில், நெடுந்தீவு ஆஸ்பத்திரியில், ஒரு பகல்.

எழுத்தாளர் யாழ்ப்பாணத்துப் பெண். பாட்டு, கூத்து, புத்தகம் பற்றிப் பத்திரிகையில் எழுதுகிறவர். ஏதோ எழுத என்று தீவுக்கு வந்தார். கடல் கொந்தளித்துப் படகு நின்றுவிட்டது. திரும்பிப் போக வழியில்லாமல் எங்கள் பக்கத்து அறையில் தங்கினார். விடாத மழை. அவர் கதிரையில் இருந்து வாசிப்பார். இல்லாவிட்டால் காதில் வயரைக் கொழுவிக்கொண்டு பழைய பாட்டுக் கேட்பார். கேட்டதையே திரும்பவும் கேட்பார். பிறகு எழுதுவார்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எனக்கு மாடு தெரியும், பனை தெரியும். மனைவியிடம் சொன்னேன், "சும்மா இருந்து பாட்டுக் கேக்கிறதும் ஒரு வேலையோ?" அவருக்குக் கேட்டுவிட்டது.

"ஓம் அண்ணை. அதுதான் என்ர வேலை" என்று சிரித்தார்.

அன்று காலை எங்கள் கல்வேலி ஒரு பக்கம் மழைக்குச் சரிந்து கிடந்தது. எங்கள் ஊர் வேலிக்குச் சீமெந்து இல்லை. கல்லுக்கு மேல் கல் அடுக்கியதுதான். சரிந்ததை விட்டால் மாடு அடுத்த காணிக்குள் போய்விடும். வெறும் கையால் கல்லை எடுத்து அடுக்கினேன். காணியில் வெள்ளம் நின்றால் பாம்பு கல் இடுக்குக்குள் ஏறும். தெரிந்த விஷயம்தான். தெரிந்தும் கையை விட்டேன். விரலில் முள்ளுக் குத்தியது போல இருந்தது. வாலை மட்டும் கண்டேன்.

பக்கத்து வீட்டுக்காரர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் விட்டார். மனைவி கூட வந்தாள். எழுத்தாளர் கையில் இருந்த தாள்களோடேயே ஏறிவிட்டார்.

டொக்டர் கையைப் பார்த்தார். "மருந்து இருக்கு. ஆனா விஷம் ஏறின குணங்குறி ஒண்டும் இல்லாமல் ஏத்தேலாது. சிலருக்கு அந்த மருந்தே ஒத்துக்கொள்ளாது. இந்தக் கடலில யாழ்ப்பாணம் அனுப்பவும் ஏலாது. இவரைக் கதைக்க வைச்சுக்கொண்டிருங்கோ. கண்மடல் விழுந்தால், நாக்குத் தடிச்சால், உடனை கூப்பிடுங்கோ."

என்னத்தைக் கதைக்கிறது? எனக்கு நாலு சொல்லோடு கதை முடிந்துவிட்டது.

எழுத்தாளர் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டார். "அண்ணை, நான் எழுதினதை வாசிக்கிறன். நீங்கள் ம் சொன்னால் காணும்."

எங்கள் பக்கத்தில் கதை சொன்னால் கேட்கிறவர் ம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கதை நின்றுவிடும்.

வாசித்தார். அந்த மழை நாட்களில் அவர் படித்ததும் கேட்டதும்தான் அதில் இருந்தன. ஒரு பழைய பாட்டில் பின்னால் சேவல் ஒன்று கூவுகிறதாம். பாடுகிற பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டே பாடுகிறாளாம். அது எனக்குப் பிடித்தது. ஒவ்வொரு வசனத்துக்கும் ம் சொன்னேன்.

மனைவி அழுதுகொண்டிருந்தவள், நேர்ஸிடம் முறையிட்டாள். "கலியாணம் கட்டின நாள் தொட்டு நான் சொன்ன ஒண்டுக்கும் ம் சொல்லாத மனிசன். இப்ப கொட்டுறதைப் பாருங்கோ மிஸ்ஸி."

ஓரிடத்தில் நான் பேசாமல் இருந்தேன். மனைவி கத்தினாள். நேர்ஸ் ஓடி வந்து கண்ணுக்குள் டோர்ச் அடித்தார்.

"எனக்கு ஒண்டுமில்லை" என்றேன். "விளங்கேல்லை. விளங்காததுக்கு எப்பிடி ம் சொல்லுறது?"

"சாகக் கிடந்தும் குணம் போகேல்லை!" என்றாள் மனைவி.

நேர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுத்தாளர் சிரிக்கவில்லை. பேனையால் அந்த இடத்தை வெட்டினார். மேலே வாசித்தார்.

மத்தியானம் கடந்தது. மழை தகரத்தில் அடித்தது. நான் ம் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த மனைவிக்கும் தெரியவில்லை. எழுத்தாளர் மட்டும் வசனத்தின் நடுவில் நிறுத்தினார்.

"அண்ணை, இன்னொருக்கா சொல்லுங்கோ."

"ம்."

எழும்பிவிட்டார். "மிஸ்ஸி! இவற்ற ம் மாறிப்போச்சு. முந்தி வெட்டின மாதிரி வந்தது. இப்ப இழுபடுது."

நேர்ஸ் மேலே பார்க்கச் சொன்னார். என்னால் கண்மடலை முழுக்கத் தூக்க முடியவில்லை. நாக்கை நீட்டச் சொன்னார். பாதிதான் வந்தது. டொக்டர் வந்து மருந்து ஏற்றினார். அதற்குப் பிறகு நடந்தது எனக்குச் சரியாகத் தெரியாது. கடல் கொஞ்சம் அடங்கியதும் படகில் யாழ்ப்பாணம் கொண்டு போனார்களாம். மூச்சுக்கு மெசின் பூட்டினார்களாம். "இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் கஷ்டம்" என்று அங்கே சொன்னார்களாம். மனைவி சொல்லித்தான் எல்லாம் தெரியும்.

அந்தத் தாள்கள் இப்போது புத்தகமாக வந்திருக்கின்றன. குறிகட்டுவான் துறையிலிருந்து படகில் எனக்கும் ஒன்று வந்தது. அன்று எனக்கு விளங்காமல் அவர் வெட்டிய இடம் அதில் இல்லை. அன்று அவர் பாதியில் நிறுத்திய வசனத்துக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டு அனுப்பியிருந்தார். அதற்கு அப்பால் உள்ளதை நான் கேட்கவில்லை.

இந்த மாரியும் மழைதான். மாட்டைக் கட்டிவிட்டுக் கதிரையில் இருந்து எழுத்துக் கூட்டி வாசிக்கிறேன். "சும்மாதானே இருக்கிறியள்?" என்று மனைவி குசினியிலிருந்து கேட்பாள். ம் என்பேன். அவள் உடனே எட்டிப் பார்ப்பாள், அந்த ம் சரியாக வந்ததா என்று.

ஒருவர் சும்மா இருந்து கேட்கிறார் என்று நான் இப்போது யாரையும் சொல்வதில்லை. அப்படிக் கேட்ட ஒருவரால் மிஞ்சிய உயிர் இது. கோட்டுக்கு அப்பால் வாசிக்க மிச்சப் பக்கம் தொண்ணூற்றாறு.