இழுங்கோ என்று சொன்னவர்

மூன்று பேப்பரையும் மேசையில் பக்கம் பக்கமாக விரித்து, கடற்காற்று அள்ளிக்கொண்டு போகாமல் ஒன்றின்மேல் பிளேன்ரீக் கோப்பை, ஒன்றின்மேல் சீனிப் போத்தல், ஒன்றின்மேல் தன்னுடைய இடது முழங்கை என்று பாரம் ஏற்றி வைத்துவிட்டு, ஒரே செய்தியை மூன்றிலும் தேடிக்கொண்டிருக்கிறார் இராயப்பு. ஊர்காவற்துறை இறங்குதுறைக்குப் போகிற வழியில் இருக்கிறது பஸ்ரியாம்பிள்ளையின் தேத்தண்ணிக்கடை. காலை பஸ்ஸில் பேப்பர் வரும். பஸ் பிந்தினால் இராயப்பு றோட்டு நடுவில் வந்து நின்று, அது வரவேண்டிய திசையைப் பார்த்து ஏசுவார்.

முதலாவது பேப்பர், கடலட்டைப் பண்ணைகளுக்கு இனி அனுமதி கிடையாது என்கிறது. இரண்டாவது பேப்பர், நிறுத்திய அனுமதிகளைத் திரும்பக் கொடுக்கப்போவதாகத் தெரியவருகிறது என்கிறது. மூன்றாவதில் அந்தச் செய்தியே இல்லை. நகைக்கடை விளம்பரம்தான் இருக்கிறது. இராயப்பு அந்த விளம்பரத்தையும் விடாமல் வாசிக்கிறார்.

“தெரியவருகுதாம். ஆருக்கடாப்பா தெரியவந்தது? எங்கட ஆக்கள் ஒருத்தருக்கும் தெரியவரேல்லை,” என்கிறார். கடைக்காரர் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டு நிற்கிறார். இந்தக் கேள்வியை அவர் எத்தனையோ காலையாகக் கேட்டுவிட்டார்.

இராயப்பு கரம்பொன்காரர். அறுபதைத் தாண்டிய உடம்பு. ஆனால் தோள் இன்னும் இறங்கவில்லை. தங்கூசி நூல் அறுத்த கோடுகள் இரண்டு உள்ளங்கையிலும் உண்டு. கைத்தொலைபேசியைப் பொலித்தீன் பையில் சுற்றி, றப்பர் வளையம் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருப்பார். தொழிலுக்குப் போகிறவன் போனை அப்படித்தான் வைத்திருப்பான், உப்புத் தண்ணீர் பட்டால் போச்சு. இவர் கடலுக்குப் போய் எவ்வளவோ நாளாகிறது. என்றாலும் பையைக் கழற்றவில்லை. பொலித்தீனுக்கு மேலாலேயே விரலால் தட்டித் தட்டி யூரியூப் பார்க்கிறார். “அதிரடி”, “பரபரப்பு” என்று தொண்டை கிழியக் கத்துகிற சனல்கள் எல்லாவற்றுக்கும் அவர் சந்தாதாரர்.

முந்தி அவருக்குச் சொந்தமாக ஒரு பிளாஸ்ரிக் படகும் இஞ்சினும் இருந்தன. பெரிய இழுவைப்படகுகள் வந்து வலையை அறுத்துக்கொண்டு போன வருசங்களில், ஒவ்வொரு விடியலும் போட்ட வலை கிடக்குமோ கிடக்காதோ என்று நெஞ்சிடியோடு போய்வந்து மனுசன் அலுத்துப்போனார். அந்த நேரம் பார்த்துத்தான் தீவுப்பகுதிக் குடும்பங்கள் சேர்ந்து, ‘கலங்கரை கடல்வளக் கம்பனி’ என்று ஒன்றைத் தொடங்கின. ஆழமில்லாத களக்கடலில் கம்பு நட்டு, வலை அடைத்து, அட்டைக் குஞ்சு விட்டு வளர்த்து, உருப்படியான அளவு வந்ததும் பிடித்து, அவித்துக் காயவைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பனி. ஆளுக்கு இத்தனை பங்கு. இராயப்பு படகையும் இஞ்சினையும் எழுவைதீவுக்காரன் ஒருவனுக்கு விற்றுப் பங்கு வாங்கினார்.

“படகை வித்துக் கடதாசி வாங்கிறியள்,” என்று மனைவி ஜெனீற்றா ஒருதரம் சொன்னாள். அவர் அந்தக் கடதாசியை லமினேற் பண்ணி, மாதா சுருவத்துக்குப் பக்கத்தில் கொழுவினார். நல்ல விளைச்சல் இரண்டு கண்டால் புது இஞ்சினே வாங்கலாம் என்பது அவருடைய கணக்கு. அதைப் பேராசை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பயமில்லாமல் நித்திரை கொள்ள ஆசைப்பட்ட மனுசன் அவர்.

அட்டை பாவம், அது தன்பாட்டில் சேற்றைத் தின்று வளர்ந்தது. ஆக்கினை எல்லாம் கரையில் இருந்துதான் வந்தது. பிலிப்பைன்ஸ் நாட்டுப் பாதிரியார் ஒருவர் பங்குத்தந்தையைப் பார்க்க வந்தவர், பண்ணையையும் ஆசீர்வதித்துவிட்டுப் போனார். அடுத்த நாள் அவருடைய படத்தைப் போட்டு, “தீவகக் கடலில் சீன முதலாளி” என்று ஒரு சனல் செய்தி சொன்னது. கழுத்தில் கிடந்த சிலுவையை ஒருத்தரும் பார்க்கவில்லை. கம்பனி சீனாக்காரனின் பினாமி என்று கதை பரவியது. பக்கத்துத் தீவுத் தொழிலாளிகள், தாங்கள் வலை போடுகிற பாட்டுக்கடலை அடைத்துவிட்டார்கள் என்று றோட்டை மறித்து இருந்தார்கள். அவர்களுக்கும் ஒரு நியாயம் இருந்தது. ஆனால் அதைக் கேட்கத்தான் ஒருவரும் வரவில்லை. கட்சிக்காரர் வந்தது கொடி பிடிக்க. தேர்தலுக்கு முதல் பண்ணையை மூடச்சொல்லிக் கத்தினவர் வென்றபிறகு அதே பண்ணையில் நாடா வெட்டினார். முன்னம் நாடா வெட்டினவர் தோற்றுப்போய், போராட்டப் பந்தலில் வந்து குந்தினார்.

கொழும்பில் பங்குகளுக்கென்று பெரிய சந்தை இருக்கிறதாம். இந்தக் கம்பனியின் பங்கு பஸ்ரியாம்பிள்ளையின் கடையில்தான் ஏறி இறங்கியது. அமைச்சர் கரம்பொனுக்கு வந்து இளநீர் குடித்தால் ஏறும். பாராளுமன்றத்தில் யாராவது தீவகம் என்ற சொல்லைக் கோபமாகச் சொன்னால் விழும். சனம் கடலைப் பார்ப்பதை விட்டுவிட்டு போனைப் பார்க்கத் தொடங்கியது. காற்று எங்கே நிற்கிறது, நீரோட்டம் எந்தப் பக்கம் என்று இராயப்புவிடம் கேட்டவர்கள், இப்போது மந்திரி என்ன சொன்னார், அது மெய்யோ என்று கேட்டார்கள். அவரும் மூன்று பேப்பரையும் பார்த்து விளக்கம் சொல்வார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் புளுகமும் இருந்தது, இல்லை என்று சொல்ல ஏலாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை இப்போதும் ஊரில் சத்தமாகக் கதைக்கமாட்டார்கள். பூசை முடிந்து சனம் வெளியே வருகிறது, எல்லாருடைய போனிலும் ஒரு வீடியோ. கடற்படைச் சீருடையில் ஆட்கள் பண்ணைக் கம்புகளைப் பிடுங்கி எறிகிறார்கள், வலையை வெட்டுகிறார்கள், பெண்கள் குழறுகிறார்கள். “தீவகத்தில் பண்ணைகள் அகற்றம், அனுமதி ரத்து” என்று ஒரு குரல் திரும்பத் திரும்பச் சொல்கிறது. அன்றைய பேப்பர் ஒன்றும் முதற்பக்கத்தில் அதையே போட்டிருந்தது. சனம் அப்படியே பூசை உடுப்போடு கரைக்கு ஓடியது.

கம்பனி முகாமையாளர் றெக்ஷன் மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கினான். உள்ளூர்ப் பெடியன், படித்தவன். அனுமதியை ரத்துச் செய்ததாகத் தனக்கு ஒரு கடிதமும் வரவில்லை, திங்கட்கிழமை கடற்றொழில் கந்தோர் திறந்ததும் நேரே போய்க் கேட்டுவருகிறேன், அதுவரைக்கும் தண்ணீரில் இறங்காதீர்கள் என்று கெஞ்சினான். சனம் நம்பவில்லை. கம்பனி கவிழப்போகிறதென்றால் முகாமையாளன் வேறென்ன சொல்வான்? நாளைக்குக் கடற்படை வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனபிறகு கடிதம் இருந்தென்ன, விட்டென்ன? எல்லாரும் இராயப்புவின் முகத்தைப் பார்த்தார்கள்.

இந்தக் கரையில் ஒரு வழக்கம் இருக்கிறது. வலை தண்ணீரில் கிடக்கும்போது காற்றுத் திரும்பினால், கூட நிற்கிறவர்களில் மூத்த தொழிலாளி ‘இழு’ என்பார், மற்றவர்கள் இழுப்பார்கள். ஏன் என்று கேட்பதில்லை. காரணத்தைக் கரையேறினபிறகு கேட்டுக்கொள்ளலாம். உயிர் இருந்தால்தானே கேட்க. அந்தப் பழக்கம் எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கிறது என்று கடலுக்குப் போகிற எந்த வீட்டிலும் சொல்வார்கள். இராயப்பு வீடியோவை இன்னொருதரம் பார்த்தார். நிமிர்ந்து, பண்ணைப் பக்கம் கையைக் காட்டினார்.

“இழுங்கோ.”

அவ்வளவுதான். வெள்ளைச் சட்டையோடு ஆண்கள் இறங்கினார்கள். பெண்கள் பூசைச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார்கள். இடுப்பளவு தண்ணீரில் காலால் தடவி, குனிந்து, கைக்கு அகப்பட்டதை எல்லாம் வாளியிலும் உரப்பையிலும் போட்டார்கள். பாதி வளர்ச்சிகூட வராத அட்டை. திருநாளுக்குச் சோறு ஆக்குகிற கிடாரங்களைக் கொண்டுவந்து கரையில் வைத்து அவித்தார்கள். அவிந்து சுருங்கியபோது ஒவ்வொன்றும் சின்னவிரல் மொத்தம்கூட இல்லை. றெக்ஷன் மோட்டார்சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதான்.

திங்கட்கிழமை பின்னேரம் அவன் கந்தோரால் வந்து சொன்னான்: ரத்து இல்லை. ரத்துச் செய்கிற யோசனைகூட அங்கே இருக்கவில்லை. அந்த வீடியோ எந்த நாட்டிலேயோ, எந்தக் காலத்திலேயோ எடுத்தது. அன்றிரவு இராயப்பு அதை மறுபடியும் போட்டுப் பார்த்தார். கம்பு பிடுங்குகிறவர்களுக்குப் பின்னால், படத்தின் மூலையில், பச்சையாக ஒரு மலை நின்றது. காரைநகரில் இருந்து நெடுந்தீவு வரைக்கும் தேடினாலும் பனைக்கு மேலே உயரம் ஒன்று உண்டா? பிறந்த நாள் தொட்டு இந்தக் கடலையும் கரையையும் பார்த்த கண் அந்த மலையைக் காணவில்லை. கத்துகிற குரலைத்தான் காது கேட்டுக்கொண்டிருந்தது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை, முடிந்திருந்தால் எவ்வளவு நல்லது. அளவு குறைந்த அட்டையைப் பிடிக்கக்கூடாது என்பது அனுமதியில் எழுதியிருக்கிற நிபந்தனை. அதிகாரிகள் அடிமட்டத்தோடு வந்து, காயப்போட்டதை அளந்து பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். பிறகு அனுமதி மெய்யாகவே ரத்தானது. முதலில் பொய் எழுதின அதே பேப்பர், “நாம் முன்னரே வெளியிட்ட செய்தி உறுதியானது” என்று பெட்டி கட்டிப் போட்டது. அந்த வரியை எழுதினவனுக்கு ஊர்காவற்துறை எந்தப் பக்கம் என்றாவது தெரியுமோ தெரியாது.

ஊரில் ஒருத்தரும் இராயப்புவை ஏசவில்லை. கடல் வழக்கத்தில் ‘இழு’ என்றவரைப் பின்னால் குறை சொல்வது இல்லை. யாராவது சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஜெனீற்றாகூட வழக்கம்போலச் சோற்றைப் போட்டு வைத்தாள். இப்போது மற்றவர்களின் படகுகளைக் கழுவிக் கொடுத்து, கிழிந்த வலை பொத்தி நாளைக் கொண்டுபோகிறார். ஆனால் காலையில் பேப்பர் பார்க்காமல் இருக்க ஏலாது. “ஒருக்காப் பிழைச்சுப்போச்சு. இனி ஒரு செய்தி வந்தால் அது மெய்யோ பொய்யோ எண்டு எனக்கு முதல் தெரியவேணும்,” என்பார். அனுமதி திரும்பக் கிடைத்தால் பங்குக்கு உயிர் வரும். பங்குக்கு உயிர் வந்தால் இஞ்சின் வரும். அந்த ஒன்றை நம்பித்தான் மனுசன் காலையில் எழும்புகிறார்.

இதற்கிடையில் யாழ்ப்பாணத்தில் இருந்து ஓர் ஆள் வரத்தொடங்கினார். இஸ்திரி போட்ட காற்சட்டை. நல்ல மரியாதையான பேச்சு. செத்த பங்குகளை வாங்குகிறாராம். கொடுக்கிற விலையைக் கேட்டால் சிரிப்பு வரும், அழுகையும் வரும். உருப்படாத பங்கை ஒருவர் ஏன் தேடிவந்து வாங்கவேண்டும் என்று கேட்டால், அவர் சிரித்துக்கொண்டு தேத்தண்ணி வாங்கிக் கொடுப்பார். அவருக்குப் பின்னால் எந்தக் கட்சிக்காரர் நிற்கிறார் என்று ஆளுக்கொரு கதை. அதைப்பற்றி மட்டும் எந்தப் பேப்பரும் எழுதவில்லை. பலர் விற்றுவிட்டார்கள். இராயப்பு விற்கவில்லை.

போன கிழமை அந்த ஆள் கடை மரவாங்கில் குந்தியிருந்தபோது மேரிசுகந்தி வந்தாள். நண்டுக் கம்பனியில் சதை எடுக்கிறவள். விரல் நுனியெல்லாம் ஓடு கீறின காயம். அவளுடைய மனுசன் காலமாகி வருசங்கள் போய்விட்டன. வேலைக்காசில் சேர்ந்த சேமலாப நிதியை எடுத்துக் கலங்கரைக் கம்பனியில் போட்டவள். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசைச் சேலையோடு முதலில் தண்ணீரில் இறங்கினவளும் அவள்தான். பங்குக் கடதாசியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். காற்சட்டைக்காரர் பங்கை மாற்றி எழுதுகிற பத்திரத்தை எடுத்து வைத்து, பேனையின் மூடியைக் கழற்றினார்.

அந்த நேரம் பார்த்துக் கடை றேடியோவில் செய்தி போனது. தீவுப்பகுதியில் நிறுத்தப்பட்ட பண்ணை அனுமதிகளை மீள வழங்க அமைச்சர் இணங்கியுள்ளதாகத் தெரியவருகிறது. பஸ்ரியாம்பிள்ளை சத்தத்தைக் கூட்டினார். காற்சட்டைக்காரர் தலை நிமிரவில்லை, பேனையை நீட்டியபடியே இருந்தார். அவருக்கு அந்தச் செய்தி முன்னமே தெரியுமோ, தெரிந்துதான் இன்றைக்கு வந்தாரோ, இல்லை அதுவும் வழக்கமான புளுகுதானோ, எந்தச் சாமிக்குத் தெரியும்.

சுகந்தி பேனையை வாங்கவில்லை. இராயப்புவின் பக்கம் திரும்பினாள்.

“அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ. வைச்சிருக்கச் சொன்னால் வைச்சிருக்கிறன். வில் எண்டால் விக்கிறன். நீங்கள் சொல்லுறபடி.”

அவள் குரலில் ஒரு துளி குற்றம் இல்லை. அன்றைக்கு அவருடைய சொல்லைக் கேட்டு இறங்கினதைப் போலவே இன்றைக்கும் கேட்டு நிற்கிறாள். இராயப்பு றேடியோவைப் பார்த்தார். மேசையில் விரிந்து கிடந்த பேப்பர்களில் அந்த வரியை விரலால் தேடினார், ஒன்றில் இருந்தது, மற்ற இரண்டிலும் இல்லை. கடையில் இருந்த எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காற்சட்டைக்காரருக்குப் பக்கத்தில் இருந்த இராயப்பு, வாங்கில் கொஞ்சம் தள்ளி அரக்கி, அவள் குந்தியிருந்து கையெழுத்து வைக்க இடம் விட்டார்.