அதிகம் இருப்பதை முதலில் வை

அந்தச் சனிக்கிழமைத் தேர்வில் தோற்றிருந்தால், இன்றும் மலேசியாவின் சிம்பாங் ரெங்கத்தில் விடியுமுன் பஸ் ஏறி சிங்கப்பூர்த் தொழிற்சாலைக்குத்தான் போய்க்கொண்டிருப்பேன். ஜொகூர் பாருவில் ஒரு மென்பொருள் வேலைக்கான தேர்வு அது; பெரும்பாலும் வீட்டிலிருந்தே செய்யலாம். நாற்பத்திரண்டு வயதில் இன்னொரு வாய்ப்புக்கு எங்கே போவது?

வீட்டில் கணினி முன் உட்கார்ந்து எழுதிய தேர்வில் கடைசிக் கணக்கு பார்க்கப் பரம சாது. கொடுத்த எழுத்துகளைக் கோத்து ஒரு சரமாக்க வேண்டும். ஒரே எழுத்து அடுத்தடுத்து வரக்கூடாது. மூன்று க, ஒரு ச, ஒரு ப என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் ச, ப இரண்டையும் முதலில் வைத்தேன். எங்கள் வீட்டு விசேஷங்களில் சின்னதுகளுக்குத்தான் முதல் பந்தி. அவர்களை அனுப்பிவிட்டால் நிம்மதி. அதே புத்தி. கடைசியில் மூன்று க-வும் ஒட்டிக்கொண்டு நின்றன. சரி, எல்லா வரிசைகளையும் முயன்று பார் என்றேன். நேரம் போதாதென்று கணினி கையை விரித்தது. இருபது நிமிடம்தான் பாக்கி. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எதிரே ஐஸ் பெட்டிக் கதவில் என் வீட்டுக்காரர் ஒட்டிய இரவுக்காவல் பட்டியல். செம்பனை எண்ணெய் ஆலையில் காவலர்களுக்கு அவர்தான் பொறுப்பு; அவரும் முறைபோட்டுக் காவல் நிற்பார். யாருக்கும் தொடர்ந்து இரண்டு இரவு விழக்கூடாது. "இதுக்குப் போயி இவ்ளோ யோசனையா?" என்று ஒருமுறை கேலி செய்திருக்கிறேன்.

"யாருக்கு அதிகமா பாக்கி இருக்கோ அவன மொதல்ல போடணும். அடுத்த நாளு அவன விட்டுட்டு, மிச்சத்துல யாருக்கு அதிகமோ அவன். ஒண்ணு ரெண்டு உள்ளவன எங்க வேணும்னாலும் சொருகலாம் லா" என்றிருந்தார்.

அதையே நிரலாக எழுதினேன். க ச க ப க. லட்சம் எழுத்துகள் கொடுத்தார்கள். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல், அந்தந்த நேரத்தில் அதிகம் இருப்பதை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டே போனது. முடிவில் ஓர் எழுத்தும் இடிக்கவில்லை. எப்படிக் கோத்தாலும் இடிக்கும் இடத்தில் முடியாது என்றது. இவ்வளவு சின்ன விதிக்குள் இத்தனை பெரிய ஒழுங்கா! உடம்பு சிலிர்த்துவிட்டது.

மாலையில் அவரிடம் சொன்னேன். "அலமாக்! இதுக்கா சம்பளம் தர்றாங்க?" என்று சிரித்தார்.

இரண்டு வாரத்தில் வேலை உறுதியானது. அவர் அடுத்த மாதப் பட்டியலை எடுத்து, அதிக இரவுகள் இருந்த பெயரை முதலில் கோடிட்டு அடித்தார். நான்தான் விடியுமுன் போய்விடுகிறேனே, பகலில் வீட்டைப் பார்க்க ஒருவர் வேண்டுமே என்று, வருடக்கணக்காக அவர் தனக்கே போட்டுக்கொண்ட இரவுகள் அவை.