ஒரே கேசட்டில் பேசிக்கொண்டோம்

பெரிய அட்டைப் பெட்டி. அதன் மேல் ஒரு கேசட்டை வைத்துப் பிரியாமல் டேப் ஒட்டியிருந்தார் மாமா. மாமா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். சவுதியில் வயரிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த படப்பைக்காரர் லீவில் வந்தபோது, மீனம்பாக்கத்தில் இறங்கி ஊருக்குப் போகிற வழியில் இரும்புலியூரில் எங்கள் வாசலில் டாக்சியை நிறுத்தி அதை இறக்கி வைத்தார். உள்ளே ஸ்டீரியோ செட்டு. நடுவில் ரேடியோவும் இரண்டு கேசட் போடுகிற இடமும், பக்கத்துக்கு ஒன்றாகக் கழற்றி வைக்கிற ஸ்பீக்கரும். எங்கள் தெருவில் அப்படி ஒன்று அதுவரை வந்ததில்லை. "மொதல்ல இந்தக் கேசட்ட கேட்டுட்டு அப்பறமாதான் செட்டத் தொடணும்னு கண்டிஷனா சொல்லி அனுப்பிச்சாரு" என்றார் படப்பைக்காரர். எல்லோரும் தலையாட்டினோம். டாக்சி போன பிறகுதான் அக்காவுக்கு உறைத்தது. "டேய், செட்டத் தொடாம கேசட்ட எப்புட்றா கேக்குறது?"

மாமா அப்படித்தான். யோசித்து யோசித்து ஒன்று செய்வார். அதில் ஒரு பக்கம் விட்டுப்போயிருக்கும்.

நான் ஐந்தாவதோடு நின்றவன். தண்ணி லாரி ஓட்டினேன். அக்கா அதுவும் படிக்கவில்லை. கையெழுத்து மட்டும் போடுவாள். கடிதம் எழுத ஆள் தேட வேண்டும், வந்ததைப் படிக்கவும் ஆள் தேட வேண்டும். புருஷன் பெண்டாட்டி பேச்சை மூன்றாம் ஆள் வாயால் கேட்க அக்காவுக்குப் பிடிக்காது. மாமா போனபோது பாப்பா கைக்குழந்தை. அவளுக்கு அப்பா யாரென்று காட்ட வேண்டும். அதற்காகத்தான் செட்டு. இனி கேசட்டில் பேசி அனுப்பலாம், அக்காவும் பேசி அனுப்பலாம் என்று மாமா நினைத்திருந்தார்.

ஆனால் முதல் கேசட்டை அடுத்தவர் வீட்டில்தான் கேட்க வேண்டியிருந்தது. காலனிப் பக்கம் ஒரு சார் வீட்டில் டேப் ரிக்கார்டர் உண்டு. அக்கா போக மாட்டேன் என்றாள். "அவரு இன்னா பேசிக்கீறாரோ, அவங்க முன்னாடி எப்புட்றா உக்காந்து கேக்குறது?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு நல்ல புடவை கட்டிக்கொண்டு, பாப்பாவுக்குப் பொட்டு வைத்து, அவளே முன்னால் நடந்தாள். சார் பட்டனை அழுத்தினார். கொஞ்ச நேரம் புஸ்ஸென்று ஓடியது. மாமா தொண்டையைச் செருமினார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"மச்சான், பிளக்க சொருவறதுக்கு முன்னாடி பொட்டிக்குப் பின்னாடி பாரு. சின்னதா ஒரு சுவிட்சு கீது. அது எரநூத்தி இருபதுல நிக்கணும். நூத்திப் பத்துல இருந்தா கரண்டு குடுக்காத, பொகை வந்துடும். பிளக்கு நம்ம ஊரு ஓட்டையில பூராது. அதுக்குன்னு ஒயர அறுத்து, தீக்குச்சி வச்சி சொருவற வேல வாணாம். கடையில அடாப்டர் கேளு." இப்படித்தான் போயிற்று. செட்டைச் சுவரோடு ஒட்டி வைக்காதே, பின்னால் காற்று போகணும். ஓடும்போது மேலே துணி போடாதே. செட்டு மேல் பூச்சாடி வைக்காதே, தண்ணீர் உள்ளே இறங்கும். ஸ்பீக்கர் மேல் சாமி படம் வைத்து விளக்கு ஏற்றாதே. சவுண்டைக் குறைத்து வைத்துவிட்டு ஆன் பண்ணு. ஈரக் கையோடு தொடாதே. இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கு. கடைசியில், "வேற ஒன்னும் இல்ல. வச்சிடறேன்" என்றார். போன் பேசுகிற மாதிரி.

சார் வீட்டு அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். "ஏம்மா, உங்க வீட்டுக்காரர் அங்க ஈபி ஆபீஸ்லயா இருக்கார்?" என்று கேட்டார். தப்பாகக் கேட்கவில்லை. சிரிப்பாகத்தான் கேட்டார். அக்காவும் சிரித்தாள். தெரு முனை திரும்பினதும் சிரிப்பு நின்றது. "கொழந்த எப்படி கீதுன்னு ஒரு வார்த்த கேட்டாரா பாரு. பொட்டிக்குக் காத்து வோணுமாம். நாம எப்படி கீறோம்னு வோணாமா?" என்றாள். 

இருந்தாலும் அவர் சொன்னபடியே வைத்தோம். பின்னால் இருந்த சுவிட்ச் நூற்றுப் பத்தில்தான் இருந்தது. அதைக் கேட்காமல் பிளக்கைச் சொருகியிருந்தால் அன்றே செட்டு போயிருக்கும். சுவிட்சைத் தள்ளினேன். தாம்பரத்தில் அடாப்டர் வாங்கி வந்தேன். மரப்பெட்டியைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டு அதன் மேல் வைத்தேன். எங்கள் வீடு ஓட்டு வீடு. எந்த இடத்தில் ஒழுகாது என்று பார்த்து வைக்க வேண்டும். அக்கா ஒரு மூடு துணி தைத்தாள், ஓரத்தில் பூ வேலை போட்டு. செட்டு ஓடாத நேரம் மட்டும் போடுவாள். ஓடப் போகிறது என்றால் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் பட்டனைத் தொடுவாள். தெரு ஜனம் வந்து பார்க்கும். யாராவது செட்டு மேல் டம்ளரை வைத்தால் போதும், "எடு, எடு! சவுதில இருந்து திட்டுவாரு" என்பாள்.

பதில் பேசி அனுப்ப வேண்டும். புது கேசட் வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டாள். அவர் பேசின கேசட்டையே போட்டு, முதலுக்குச் சுற்றி, சிவப்புப் பட்டனையும் பக்கத்துப் பட்டனையும் சேர்த்து அழுத்தினாள். எங்கள் பக்கம் பழக்கம் அது. பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வந்தால் பாத்திரத்தைக் கழுவி வெறுமனே திருப்பித் தர மாட்டார்கள். இரண்டு காயாவது, ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் தருவார்கள். "அவரு பேசி அனுப்பினதுலயே நாமளும் பேசி அனுப்புனாதான் மரியாத" என்றாள் அக்கா. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. யாருக்கும் வேறு மாதிரி தோன்றவில்லை.

அக்கா மாமாவை நீ என்றுதான் பேசுவாள். சொந்தத்தில்தான் கட்டினது, சின்ன வயதிலிருந்து பழக்கம். மைக்கு எங்கே என்று தெரியாததால் ஸ்பீக்கர் பக்கம் வாயை வைத்துப் பேசினாள். "யோவ், பொட்டிய நீ சொன்ன மாதிரியே வச்சிக்கீறோம். நல்லா காத்து வருது அதுக்கு. எனக்குத்தான் வரல, ஃபேன் ரிப்பேரு. உன் பொண்ணு தவுந்துகினு போயி ஒயரப் புடிச்சி இழுக்குறா, ஒன்னிய மாதிரியே." பேசிக்கொண்டே இருந்தாள். பால்காரர், கிணற்றுத் தண்ணீர், நாத்தனார் சண்டை, பாப்பாவுக்குப் பல் முளைத்தது, எல்லாம். டேப்பு முடிந்து பட்டன் டக்கென்று தானே எழும்புகிறவரை பேசினாள். பிறகும் எப்போதும் அப்படித்தான். பட்டன் எழும்பினால்தான் நிறுத்துவாள்.

மாமா கேசட்டில் கொஞ்ச நேரம்தான் பேசுவார். அதில் பாதி செட்டைப் பற்றி. டேப்பு ஓடுகிற தலையைப் பஞ்சால் துடைத்தாயா, சாயங்காலம் கரண்டு ஏறி இறங்கும்போது போடாதே, பாப்பா விரல் ஸ்பீக்கருக்குள் போகாமல் பார். அக்கா அதைக் கேட்பாள், வாயில் சொல்லிச் சொல்லிக் கிண்டல் பண்ணுவாள், அன்றைக்கோ மறுநாளோ அதன் மேலேயே பதில் பேசுவாள். படப்பைக்காரரோ வேறு யாரோ போகும்போது கொடுத்து அனுப்புவோம். போவதும் வருவதுமாக அதே கேசட்டுகள். மாமாவுக்கு லீவு கிடைக்கவே இல்லை. பாப்பா வளர்ந்தாள். அப்பா என்றால் அவளுக்கு அந்தச் செட்டுதான். காலையில் எழுந்ததும் அதைப் பார்த்துக் கும்பிடுவாள். யாரும் சொல்லித் தரவில்லை.

மாமா வேலை செய்கிற இடத்தில் வெயிலில் மயங்கி விழுந்தார். எழவில்லை. தகவல் வந்தபோது நான் லாரியில் தண்ணி ஏற்றிக்கொண்டிருந்தேன். உடல் வர நாளாயிற்று. மூடின பெட்டியில் வந்தது. முகத்தைத் திறந்து காட்ட வேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். 

காரியம் எல்லாம் முடிந்த பிறகு பாப்பா கேட்டாள். "அப்பாவ போடு." கேசட் வந்த நாளெல்லாம் கேட்கிறதுதான். அக்கா எழுந்து கேசட் எடுக்கப் போனாள். அப்படியே நின்றுவிட்டாள். வீட்டில் மாமா கடைசியாக அனுப்பின கேசட் ஒன்று இருந்தது. அதன் மேலும் அக்கா பதில் பேசி முடித்து, கொடுத்தனுப்ப ஆள் பார்த்துப் பையில் வைத்திருந்தாள். மற்றது எதுவும் இல்லை. எப்படி இருக்கும்? நாங்கள் தங்கவிடவில்லையே. செட்டில் போட்டாள். அவள் குரலே வந்தது. நிறுத்தினாள். என்னைப் பார்த்துக் கேட்டாள். "அடியில இருக்குமாடா?"

எனக்குத் தெரியவில்லை. தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் பாட்டுப் பதிந்து கொடுக்கிற கடை ஒன்று உண்டு. அங்கே போனோம். அக்கா பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கேசட்டை நீட்டினாள்.

"அண்ணா, இதுல மேல நான் பேசிக்கீறேன். அத மட்டும் அழிச்சிக் குடுங்க. அடியில எங்க வூட்டுக்காரு பேசினது கீது. அது போதும்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் மாமாவுக்கு நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அக்கா, இது செவுத்துல சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி இல்ல. பழசு மொத்தமா போனாதான் புதுசு ஏறும். அடியில ஒன்னும் இருக்காது" என்றார்.

"கொஞ்சங்கூடவா ஒட்டிக்கினு இருக்காது?"

"இருங்க. நீங்க பேசி முடிச்ச எடத்துக்கு அப்பறம் ஏதாவது மிச்சம் கீதான்னு பாக்குறேன்." காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டார். பாட்டு கேட்டு வந்தவர்கள் காத்திருந்தார்கள். யாரையும் கவனிக்கவில்லை அவர். இந்தப் பக்கம் முழுக்கக் கேட்டார். திருப்பிப் போட்டு அந்தப் பக்கமும் கேட்டார். அந்தப் பக்கம் பாப்பாவின் மழலை. அதையும் அக்கா கடைசிவரை நிரப்பியிருந்தாள். ஹெட்போனைக் கழற்றிக் கேசட்டை அக்கா கையில் வைத்தார். தலையை மட்டும் ஆட்டினார். "நான் கொஞ்சம் கம்மியா பேசியிருக்கலாம்" என்றாள் அக்கா. அதை அவரிடம் சொன்னாளா, என்னிடம் சொன்னாளா தெரியாது. 

பிறகு படப்பைக்காரர் மாமாவின் சாமான்களைக் கொண்டுவந்தார். ஒரு தகரப் பெட்டி. நாலு சட்டை, டெஸ்டர், கட்டிங் பிளேயர். அடியில் துண்டில் சுற்றி ஒரு குவியல் கேசட். அக்கா ஒன்றை எடுத்துச் செட்டில் போட்டாள். அவள் குரல். இன்னொன்று. அவள் குரல்தான், இன்னும் பழையது. எல்லாம் அவள் குரல். படப்பைக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ரூம்ல எங்க செட்டுலயும் ரெண்டு கேசட் போடலாம். உங்க கேசட் வந்தா மொதல்ல ஒரு காப்பி எடுத்துடுவாரு. அப்பறம்தான் அதுல பேசுவாரு. இன்னாய்யா, பொண்டாட்டி திட்டறதக்கூட காப்பி எடுக்கிறன்னு நாங்க கிண்டல் பண்ணுவோம். அழிஞ்சா திரும்ப வராதும்பாரு."

அக்கா செட்டை நிறுத்தி மூடு துணியைப் போட்டாள். பிறகு சொன்னாள்.

"துணி போடாதன்னு சொன்னாரு. பிளக்கப் புடுங்குன்னு சொன்னாரு. பொட்டி கெட்டுப்போவாம இருக்க அத்தினி சொன்னாரு. அவரு பேசினத காப்பி எடுத்து வைன்னு ஒரு வார்த்த சொல்லலியே."

அதை நான் இத்தனை வருஷம் யோசித்திருக்கிறேன். மறந்திருப்பார் என்று முதலில் நினைத்தேன். அவர் மறக்கிற ஆள் இல்லை. தன் பேச்சை யார் எடுத்து வைக்கப் போகிறார்கள் என்று இருந்திருப்பார். செட்டு நன்றாக இருந்தால் நாங்கள் பேசுவது அவருக்கு வந்து சேரும். அவருக்கு அவ்வளவுதான் கணக்கு. அவர் செருமுகிற சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. மச்சான் என்று இழுத்துக் கூப்பிடுகிறதும் இருக்கிறது. அதை வெளியே எடுத்துக் கொடுக்க எனக்கு வழி இல்லை. ஒருமுறை அவர் மாதிரி பேசிக் காட்டப் பார்த்தேன். பாப்பா சிரித்தாள். விட்டுவிட்டேன்.

செட்டு பல வருஷம் ஓடியது. மாமா சொன்னபடி வைத்ததால் ஓடியது. பிறகு பெல்ட்டு போய், மாற்ற ஆள் இல்லாமல் நின்றது. முடிச்சூரில் இப்போது பாப்பாவுக்கு அடுக்குமாடியில் வீடு. அக்கா அங்கேதான் இருக்கிறாள், பேச்சு குறைந்துவிட்டது. அந்தக் கேசட்டுகளைப் பாப்பா யாரிடமோ கொடுத்துப் போனில் ஏற்றியிருக்கிறாள். போன மாதம் போயிருந்தபோது, "மாமா, இதக் கேளுங்களேன்" என்று என்னிடம் ஒன்றைப் போட்டுக் காட்டினாள். அக்கா ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள்.

அதில் பாப்பா சின்னப் பிள்ளை. வாயைக் கிட்டே வைத்துப் பேசுவதால் மூச்சுக்கூடக் கேட்கிறது. அப்பா, நான் சோறு துன்னேன் என்கிறாள். அப்பா, எனக்குப் பல்லு வலிக்குது என்கிறாள். பிறகு, "அப்பா, நீ பேசு" என்கிறாள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. எங்கள் தெருவில் ஒரு சைக்கிள் மணி கேட்கிறது. "அம்மா, அப்பா பேசமாட்றாரு."

அக்காவின் பழைய குரல், சிரிப்போடு வருகிறது. "இப்ப நீ பேசறடி. அவரு அப்பறமா பேசுவாரு. இரு."