எலி அத்தையின் பதினோரு வருடம்

குடும்பத்தில் எல்லோருக்கும் அவர் எலி அத்தை. மூளையில் ஞாபகம் எப்படித் தங்குகிறது என்பதைச் சுண்டெலிகளை வைத்து ஆராய்கிற விஞ்ஞானி என்று விளக்கி விளக்கி வாய் வலித்ததுதான் மிச்சம். அவருடைய நாத்தனார் ஒவ்வொரு தேர்வுக் காலத்திலும் தவறாமல் போன் செய்வார்.

"அண்ணி, பையனுக்குப் படிக்கிறது எதுவும் மண்டையில நிக்க மாட்டேங்குது. உங்க மாத்திரை வந்துடுச்சா?"

"மாத்திரையே கிடையாதும்மா. நான் பாக்கிறது ஞாபகத்தை அழிக்கிற ஊசி."

"அப்ப வேண்டாம். அதை அவனே பாத்துக்குவான்."

மூளைச் செல்களில் இருக்கும் ஒரு புரதம்தான் ஞாபகத்தைப் பிடித்துவைக்கிறது என்று பதினோரு வருடங்களுக்கு முன் எலி அத்தை ஒரு கட்டுரை எழுதினார். சோதனை எளிமையானது. சுண்டெலியை ஒரு பெட்டிக்குள் விட்டு, காலில் லேசாக ஒரு ஷாக். மறுநாள் அதே பெட்டிக்குள் விட்டால், ஞாபகமுள்ள எலி பயத்தில் அசையாமல் உறைந்து நிற்கும். அந்தப் புரதத்தை முடக்கும் ஊசி போட்ட எலியோ ஒன்றுமே நடக்காதது போல உலாவும். ஆகவே அது மறந்துவிட்டது. இந்த ஒரு 'ஆகவே' அவருக்குத் தனி ஆய்வகத்தையும் பேராசிரியர் பதவியையும் வாங்கிக் கொடுத்தது.

பதினோராவது வருடம் வேறு இரண்டு குழுக்களிடமிருந்து கடிதம் வந்தது. அதே ஊசி, வேறு சோதனை, எலிகள் மறக்கவில்லை. அவருக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. ஊசி போடத் தெரியாதவர்கள் என்று முணுமுணுத்தபடி, அவர்கள் சொன்ன சோதனையைத் தானே செய்யத் தொடங்கினார்.

இந்தப் பெட்டியில் இரண்டு அறைகள்: ஒன்று வெளிச்சம், ஒன்று இருட்டு. எலிக்கு இருட்டுதான் பிடிக்கும். ஆனால் இருட்டறையில் ஷாக் வாங்கிய எலி மறுநாள் அந்தப் பக்கமே போகாது. மறந்திருந்தால் போகும். ஊசி போட்ட எலிகள் வெளிச்ச அறைக்குள் முன்னும் பின்னும் அலைந்தன. இருட்டறை வாசலை ஒன்றுகூடத் தாண்டவில்லை. மருந்தின் அளவை மாற்றிப் பார்த்தார். எலிகளை மாற்றினார். பெட்டியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். நான்கு மாதமாயிற்று. அவை பிடித்த பிடியை விடவில்லை.

"இது ஏன் இப்படிச் சுத்திக்கிட்டே இருக்குது?" என்று ஒரு நாள் பெட்டியைப் பார்த்துச் சலித்துக்கொண்டார்.

எலிகளுக்குத் தீனி வைத்துக் கூண்டுகளைச் சுத்தம் செய்கிற பெண்மணி பின்னால் நின்றிருந்தார். ஆய்வகத்தில் அவரைக் கூண்டக்கா என்பார்கள்.

"கூண்டுலயும் அப்படித்தான் மேடம். அந்த ஊசி போட்டா ஒரு நிமிஷம் சும்மா இருக்காதுங்க."

"எப்பயிலிருந்து?"

"எப்பவுமே. ஏழு வருஷம் முன்னாடியே உங்ககிட்ட வந்து சொன்னேன். வேலையா இருக்கேன், ரிஜிஸ்டர்ல எழுதி வைங்கன்னீங்க. எழுதி வச்சேன்."

எலி அத்தை பழைய ரிஜிஸ்டர்களை இறக்கித் தேடினார். இருந்தது. 'ஊசி போட்டவை சும்மா இருப்பதில்லை.' அந்தப் பக்கத்தின் அடியில், பார்த்ததாக எலி அத்தையே போட்ட கையெழுத்தும் இருந்தது.

ஊசி ஞாபகத்தை அழிக்கவில்லை. உடம்பைப் பரபரக்க வைத்தது, அவ்வளவுதான். அந்த எலிகளுக்கும் பயம் இருந்தது. பயந்தாலும் அவற்றால் அசையாமல் நிற்க முடியவில்லை. அதைத்தான் அவர் மறதி என்று எண்ணி எண்ணிக் குறித்திருந்தார். மறுநாள், அந்தக் கட்டுரையைத் தன்னோடு எழுதிய பழைய மாணவருக்குப் போன் செய்தார். மாணவர் இப்போது வேறொரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்.

"கட்டுரையை வாபஸ் வாங்கப் போறேன்."

"கொஞ்சம் யோசிங்க மேடம். அதை வச்சுத்தான் எனக்கு இந்த வேலையே கிடைச்சுது."

"எனக்கும்தான்."

"பெரிசா யாரும் கேக்கலையே. போகப்போக எல்லாரும் மறந்துடுவாங்க."

"எலியே மறக்கலைப்பா."

மாணவர் போனை வைத்துவிட்டார். மூன்று வாரம் கழித்து, ஒரு வரிகூட எழுதாமல், வாபஸுக்குச் சம்மதம் என்ற கையெழுத்தை மட்டும் அனுப்பினார்.

வாபஸ் வாங்குவது அதைவிடப் பெரும்பாடாக இருந்தது. கட்டுரை வெளியான ஆய்வுப் பத்திரிகையின் படிவத்தில் காரணம் என்ற இடத்தில் மோசடி, திருட்டு, கணக்குப் பிழை என்று மூன்றுதான் இருந்தன. எதையும் தேர்ந்தெடுக்காமல் அனுப்பினால் படிவம் திரும்பி வந்தது. நான்காம் முறை, "நாங்கள் பார்த்ததைத் தவறாகப் புரிந்துகொண்டோம். இதற்கு உங்கள் படிவத்தில் இடமில்லை" என்று பத்திரிகை ஆசிரியருக்கே எழுதினார். ஏழு மாதம் கழித்து அறிவிப்பு வந்தது. அதற்குள் அவருடைய மாணவர்களில் இரண்டு பேர் வேறு ஆய்வகத்துக்குப் போய்விட்டார்கள்.

அடுத்த கட்டுரையை, கூண்டக்காவின் குறிப்புகளை வைத்தே எழுதினார். எழுதியவர்கள் பட்டியலில் அவர் பெயரையும் சேர்த்துக் காட்டினார்.

"இதனால எனக்கு என்ன மேடம்?"

"ஒண்ணுமில்லக்கா. தப்புன்னு யாராவது கடிதம் போட்டா உங்களுக்கும் வரும்."

"வேற வேலையில்லையா அவங்களுக்கு?"

"பேரை எடுத்துடவா?"

கூண்டக்கா தாளில் தன் பெயரைத் தேடிப் படித்தார். "இருக்கட்டும். பாத்தது நான்தானே."

அந்தப் புரதம் மூளையில் உண்மையில் என்னதான் செய்கிறது என்பது இன்னும் தெரியவில்லை. எலி அத்தை அதைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறார், முன்னைவிடக் கூடுதல் எரிச்சலோடு.